பதினேழாவது விதி

மூன்றாவது நாள் பேச்சித்தாய் கடற்சுவர் வாரிய அலுவலகத்து வாசல் காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து ஊழியர்கள் கும்பலாக உள்ளே போனபோது நடுவில் புகுந்துகொண்டாள். மாடிப்படி ஏறி, 'ஜெசிந்தா மோத்தா, முதன்மைக் கணிப்பாளர்' என்று பலகை மாட்டிய அறைக்குள் போய், நாலாக மடித்த ஒரு தாளை மேசைமேல் விரித்து வைத்தாள். ஜெசிந்தா நாற்காலியைக் காட்டினாள். பேச்சித்தாய் உட்காரவில்லை.

ஆள் யாரென்று ஜெசிந்தாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சித்திரை மாதம் நடந்த பொதுக் கருத்துக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உப்பளத்துப் பெண். மூன்று வாரத்துக்கு முன், ஐப்பசி அமாவாசையில் புயலும் கடலேற்றமும் சேர்ந்து வந்து, தூத்துக்குடிக் கடற்சுவரின் ஒன்பது மதகுகளில் ஏழாவது மட்டும் திறந்து, அதன் ஓரத்துக் குடியிருப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செத்துப்போன இரண்டு பேரில் ஒருவன் இவள் தம்பி செல்லப்பாண்டி. எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட்ட பிறகு, புதிதாக வாங்கிய தண்ணீர் மோட்டாரை எடுக்க வீட்டுக்குத் திரும்பியவன். செய்தித்தாளில் படம் வந்திருந்தது.

"தகவல் கேட்டு எழுதிப் போட்டோம்மா. உங்க ஆபீசுலதான் குடுத்தாவ. எங்க குடியிருப்புக்கு நேர என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றாள் பேச்சித்தாய்.

மதகுத் திட்டத்தின் அட்டவணை அது. சுவருக்குள் தண்ணீர் மிஞ்சிப்போனால் எங்காவது ஒரு பக்கம் விட்டுத்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் என்பதை மதகுகளுக்குச் சொல்வது இந்தக் கணக்கு. ஒவ்வொரு பகுதிக்கும் நேராக இரண்டு எண்கள் இருக்கும். ஒரு வீடு மூழ்கினால் எவ்வளவு நட்டம் என்று கொள்வது, அது வீட்டு மதிப்பு. விழுந்த தண்ணீரில் எவ்வளவை மண் குடிக்கும், அது மண் பங்கு. நட்டமும் தேங்கும் தண்ணீரும் குறைவாக வருகிற பக்கத்து மதகு முதலில் திறக்கும். சித்திரைக் கூட்டத்தில் ஜெசிந்தா மைக்கைப் பிடித்துச் சொன்னது அந்த முதல் எண்ணைப் பற்றித்தான். எல்லா வீட்டுக்கும் மதிப்பு ஒன்று, பங்களாவுக்கும் ஒன்று, ஓட்டு வீட்டுக்கும் ஒன்று, இதை யாரையும் மாற்ற விடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். துறைமுகத்துப் பக்கத்து ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஏழாம் மதகுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தாளில் எழுத்துகள் நெருக்கியடித்து நின்றன. ஜெசிந்தா விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். ஏழாம் மதகுக் குடியிருப்பு, வீட்டு மதிப்பு, 0.6.

"இது தப்பான தாள். அச்சில ஏதோ கோளாறு" என்று சொல்லி, தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். அகலமான எழுத்தில், நல்ல இடைவெளி விட்டு, வீட்டு மதிப்பு 1 என்று பளிச்சென்று இருந்தது.

பேச்சித்தாய் திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். உப்பளத்தில் தண்ணீரின் உப்பு டிகிரி பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. புள்ளிக்கு முன்னால் சைபர் இருந்தால் அது ஒன்றுக்குக் கீழே என்று தனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்றாள். பிறகு குரலை ஏற்றாமலே கேட்டாள்.

"எங்களுக்கு ஒரு தாளு, உங்களுக்கு ஒரு தாளாம்மா? எல்லா வீடும் ஒண்ணுன்னு நீங்க சொன்னப்ப நான்தான் மொதல்ல கை தட்டுனேன். அந்தக் கைய இப்ப நான் என்ன செய்ய?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். தாள் மேசைமேலேயே கிடந்தது.

அந்தத் திரை எப்படி வேலை செய்தது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் எல்லாரும் கணக்குப் போடுவது கணினி ஏட்டில். கணக்கு, விளக்கம், வரைபடம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். மேலே ஓர் எண்ணை மாற்றினால் கீழே எல்லாம் தானாக மாறிக்கொள்ளும். அதில் கணக்கை எப்படித் தட்டுவது, தட்டியது கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பது அவரவர் விருப்பம். ஒருவருக்குக் கிரேக்க எழுத்து வேண்டும், ஒருவருக்கு முழுத் தமிழ்ச் சொல் வேண்டும், கண் தெரியாதவருக்குக் குரலாக வேண்டும். ஏட்டுக்குள் இருப்பது ஒன்றுதான். பார்ப்பவருக்கு ஏற்றபடி அது உடை மாற்றிக்கொள்ளும். ஒருவருடைய விதிகளின் தொகுப்பைக் 'கண்ணாடி' என்பார்கள், மூக்கில் மாட்டுகிற கண்ணாடிதான். அவரவர் கண்ணாடியில் பார்த்துக் கையெழுத்துப் போடலாம் என்று சட்டமே வந்தபோது எல்லாரும் பாராட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே பக்கத்தின் முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, உமக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்கும் வழக்கம் அதோடு போயிற்று. வாரியத் தலைவரின் கண்ணாடியில் எண்ணே கிடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பில் ஊர் வரைபடம் மட்டும் தெரியும். பச்சை நிறைய இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

ஜெசிந்தாவுக்குக் கண்ணாடி வசதிக்காக வந்ததல்ல. பதினோரு வருடத்துக்கு முன் ஸ்கூட்டரில் போகும்போது தண்ணீர் லாரி இடித்து, தலையில் அடிபட்டு, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் பிழைத்துவிட்டது, எழுத்துகள்தான் பிழைக்கவில்லை. ஓர் எழுத்தின் தலைமேல் போட்ட சிறு எண்ணும் காலடியில் போட்ட சிறு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறி நின்றன. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தவளைத் தடுத்தவன் கோயில்பிள்ளை.

அவளைவிட ஆறு வயது சின்னவன், அதே பிரிவில் உதவிக் கணிப்பாளர். நாற்பது நாள் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது நெருக்குதா, இது குழப்புதா என்று கேட்டுக் கேட்டு அவளுக்கென்று ஒரு கண்ணாடி செய்தான். சிறு எழுத்துகளை எடுத்துவிட்டு முழுச் சொல் வைத்தான். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிறம், எண்களுக்கு நடுவே தாராளமாக இடம். இருநூற்றுப் பதினான்கு விதிகள். மருத்துவக் குழு முன்னால் நடந்த பரிசோதனையில் ஒரு தப்புமில்லாமல் கணக்குப் போட்டுவிட்டு வந்து, அன்றைக்கு அலுவலகம் முழுக்க முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள் ஜெசிந்தா. கோயில்பிள்ளை இரண்டு எடுத்துக்கொண்டான். அவன் மகளுக்கு அவள்தான் அத்தை. தன் திறவுச்சொல்லையே அவனிடம் கொடுத்து வைத்திருந்தாள், கண்ணாடியில் ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று.

பேச்சித்தாய் போன பிறகு ஜெசிந்தா ஒரு புது ஏட்டைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம். ஏழாம் மதகுக் குடியிருப்பு, வீட்டு மதிப்பு, 0.5 என்று தட்டினாள். 0.5 என்றே நின்றது. 0.7 தட்டினாள். அதுவும் நின்றது. பிறகு சைபர், புள்ளி, ஆறு என்று ஒவ்வொரு விசையாகப் பார்த்து அழுத்தினாள். வரியை முடித்ததும் அவள் கண் முன்னாலேயே அது 1 ஆனது.

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் 1. நாலு தடவை செய்தாள். இந்தக் கண்ணாடிக்குள் கை வைக்க உலகத்தில் இரண்டே பேரால்தான் முடியும். ஒருத்தி அவள்.

கோயில்பிள்ளை அன்று ஏழாம் மதகில் பழுது பார்க்கப் போயிருந்தான். நாலு மணி வெயிலில் ஜெசிந்தா அங்கே போனபோது மதகுப் பாலத்தில் தனியாக நின்று ஏதோ அளந்துகொண்டிருந்தான். அவள் தாளை நீட்டினாள். வாங்கிப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவன் கேட்காமலிருந்ததிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சரியான கணக்கை ஓட்டினா பெரிய ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி வருதுக்கா. ஜெனரேட்டர் போயிரும். நானூறு நோயாளி. அப்படியே உங்ககிட்ட வந்து இந்தக் குடியிருப்பைக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்கன்னா போட்டிருப்பீங்களா? மாட்டீங்க. திட்டத்துல கையெழுத்து விழாது. மழைக்காலம் வந்துரும், ஒன்பது மதகையும் கையால இயக்கணும். ஊரே போயிருக்கும்."

"அதை நீயா முடிவு பண்ணின."

"யாராவது பண்ணணும்லா."

ஆஸ்பத்திரிக்குச் சுற்றுச்சுவரை உயர்த்தியிருக்கலாம், குடியிருப்பை முதல் நாளே காலி செய்திருக்கலாம், உண்மையான எண் மேசைக்கு வந்திருந்தால் நாலு பேர் உட்கார்ந்து பேசியிருக்கலாம் என்று ஜெசிந்தா சொல்லிக்கொண்டே போனாள். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளத்தை விசாரிக்க வந்திருக்கும் ஆணையத்தில் இதைச் சொல்லப்போகிறேன் என்றதும்தான் திரும்பினான்.

"சொல்லுங்க. ஆனா ஆணையம் கண்ணாடியை முழுசாத்தான் கேக்கும், ஒரு விதியை மட்டும் உருவிக் கொடுக்க முடியாது. அதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை முழுசாப் பாருங்கக்கா. பொதுக்காட்சியில, யாரு கண்ணாடியும் இல்லாமப் பாருங்க. உங்க கண்ணாடி வழியாப் பாத்தா எல்லாம் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணு. அந்த சைபர் புள்ளி ஆறை நான் போடல" என்றான்.

பின்னே யார் போட்டது என்று கேட்டாள். அவன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு பாலத்தின் மறுகோடிக்கு நடந்தான்.

மறுநாள் ஜெசிந்தா கண்ணாடி விதிகள் முழுவதையும் பொதுக்காட்சியில் அச்செடுத்தாள். பதினோரு தாள் வந்தது. கடைசித் தாளின் அடியில் இருந்த மொத்த எண்ணிக்கையைப் பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். இருநூற்று முப்பத்தொன்று. தனக்குத் தெரியாத விதிகள் பதினேழு.

அவற்றை எப்படிப் படிப்பது? தன் கண்ணை நம்ப முடியாது. அலுவலகத்தில் யாரிடம் கொடுத்தாலும் அவர்கள் கோயில்பிள்ளையின் கூட்டாளிகள், வாசிக்கும்போது ஒரு வரியை விழுங்கினாலும் தனக்குத் தெரியப்போவதில்லை. யார் தன்னிடம் இரக்கம் காட்டமாட்டார்கள் என்று யோசித்தாள். ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தது. தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு ஏழாம் மதகுக்குப் பேருந்து ஏறினாள்.

பேச்சித்தாயின் வீட்டுச் சுவரில் இடுப்புக்கு மேலே வெள்ளம் நின்ற கோடு அப்படியே இருந்தது. கீழே சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. மழைக்காலமாகையால் உப்பளத்தில் வேலை இல்லை. நனைந்த பாயை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்ததும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஜெசிந்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். விபத்து, கண்ணாடி, திரையில் 1 ஆக மாறிய 0.6, எதையும் மறைக்கவில்லை. எனக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், நீங்கள் ஒரு வார்த்தையும் கூட்டிக் குறைக்க மாட்டீர்கள் என்று வந்தேன் என்றாள்.

பேச்சித்தாய் பாயை உதறிக் கொடியில் போட்டாள். எட்டாம் வகுப்புவரைதான் படித்திருப்பதாகச் சொன்னாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினாள்.

விதிகளோடு கூடவே கோயில்பிள்ளை தன் நினைவுக்காகத் தமிழில் குறிப்பு எழுதிவைத்திருந்தான். முதல் இருநூற்றுப் பதினான்கும் ஜெசிந்தா அறிந்தவை. அதற்குப் பிறகு வந்தவற்றைப் பேச்சித்தாய் ரேஷன் கடைப் பட்டியல் வாசிக்கிற மாதிரி ஒரே குரலில் வாசித்தாள்.

"அலை உயரத்தையும் காத்து வேகத்தையும் அக்கா இடம் மாத்திப் போட்டா ஏட்டுல நேராக்கி வை. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்." அப்புறம் தேதி. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஆவணி.

ஜெசிந்தா அந்தத் தேதியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். மருத்துவக் குழுவின் பரிசோதனை நடந்த நாள் அது. மக்ரூன் வாங்கிக் கொடுத்த நாள்.

"குழாய் விட்டமும் நீளமும் மாறி விழுந்தா நேராக்கு. சொல்ல வேண்டாம்." அடுத்த வருடம் தை. "மூணும் எட்டும் மாறி விழுந்தா நேராக்கு." அதே வருடம் ஆடி. இப்படியே பேச்சித்தாய் வாசித்துக்கொண்டு போனாள். பதினாறு. ஒவ்வொன்றும் ஜெசிந்தா செய்த ஒரு தப்பு. அவள் தட்டத் தட்ட, பின்னால் ஒரு கை வந்து ஏட்டைத் திருத்தி வைத்திருக்கிறது. தான் தேறிவிட்டதாக அவள் நினைத்த பதினோரு வருடமும் அவள் தேறியிருக்கவே இல்லை. அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. அந்த நாற்பது நாளை நினைத்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுக்காக வேண்டியிருக்கிறாள். ஒருநாள் வாயைத் திறந்து, அக்கா நீங்க இந்த இடத்துல தப்புப் பண்ணுதீங்க என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லையா? அவளைத் தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு அவளைப் பொம்மையாக அல்லவா உட்கார வைத்திருக்கிறான்.

பதினேழாவதை வாசிக்கும்போது பேச்சித்தாயின் குரல் நடுவில் நின்றது. முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

"ஏழாம் மதகுக் குடியிருப்பு. வீட்டு மதிப்பு ஒண்ணு, மண் பங்கு சைபர் புள்ளி ஆறுன்னு வரணும். அக்கா ரெண்டையும் இடம் மாத்திப் போட்டிருக்காங்க. ஏட்டுல அப்படியே விடு. அக்கா திரையில மட்டும் சரியாக் காட்டு." இந்த வருடம், ஆனி.

வெளியில் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பதினாறு விதிகள் ஏட்டைத் திருத்தின, பதினேழாவது தன் கண்ணை மட்டும் திருத்தியது என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. அந்த 0.6 அவள் போட்டதுதான். உப்பு மண்ணுக்குப் போட வேண்டிய எண்ணை வீட்டுக்குப் போட்டுவிட்டாள், வீட்டின் ஒன்றை மண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு பொட்டுத் தண்ணீர் விடாமல் குடிக்கிற மண் உலகத்தில் எங்கே இருக்கிறது? யாராவது ஒருவர் அட்டவணையைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பார்த்த ஒரே ஆள், அந்தத் தப்பு தனக்குத் தோதாக இருக்கிறது என்று கண்டு, அப்படியே விட்டுவிட்டான்.

"அப்ப நீங்கதான் போட்டிருக்கீய" என்றாள் பேச்சித்தாய்.

"ஆமா."

"நீங்க தெரியாமப் போட்டிருக்கீய. அவரு தெரிஞ்சு விட்டிருக்காரு."

"ஆமா."

"என் தம்பிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஜெசிந்தா அழுதாள். பேச்சித்தாய் அவளைத் தேற்றவில்லை, அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, ஒரு தம்ளர் கடுங்காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இதை ஆணையத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஜெசிந்தா உள்ளதைச் சொன்னாள். கையெழுத்துச் செல்லாது, திட்டமும் செல்லாது. ஏழாம் மதகு முதலில் திறக்கும் ஏற்பாடு அன்றோடு நிற்கும். அதோடு, பதினோரு வருடமாகத் தான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு கணக்கையும் தோண்டுவார்கள், இனிமேல் எந்தக் கணக்கிலும் தன்னைக் கை வைக்க விடமாட்டார்கள். கொடுக்காவிட்டால்? கொடுக்காவிட்டால் திட்டம் அப்படியே நிற்கும். ஜெசிந்தா தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள் என்று வாரியத்தின் வக்கீல் சொல்வார். ஒன்பது நாளில் கார்த்திகை அமாவாசை, கடலில் இன்னொரு புயல் சின்னம் வேறு.

"குடுப்பீயளா?"

ஜெசிந்தா காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தாள். கணக்கைத் தவிர வேறொன்றும் அவள் கற்றுக்கொள்ளவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மோத்தா மேடம் போட்டால் தப்பு வராது என்று ஊரில் சொல்வார்களே, அந்த ஒரு பேச்சில்தான் அவள் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறாள். பேச்சித்தாய் தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஒருதடவை எண்ணிப் பார்த்து, அவள் பைக்குள் வைத்தாள்.

"பதினோரு தாள் இருக்கு. நான் எண்ணிட்டேன்" என்றாள்.

விசாரணை மூன்று நாள் கழித்து நடந்தது. ஆணையர் தயாளமூர்த்தி சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி. யாரையும் அதட்டாதவர், எதையும் மறக்காதவர். வாரியத்தின் வக்கீல் முதலில் பேசினார். மதகுகள் திட்டப்படி இயங்கின, திட்டத்தில் முதன்மைக் கணிப்பாளரின் கையெழுத்து முறையாக இருக்கிறது, ஆகவே நடந்தது இயற்கைச் சீற்றம் என்று முடித்தார். கோயில்பிள்ளை இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஜெசிந்தா பையோடு எழுந்து போனபோது அவன் முகத்தில் பெரிய கவலை எதுவும் இல்லை. முழுதாகப் படித்திருப்பாள், படித்தவள் கொடுக்கமாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அத்தனை வருடம் அவளைத் தாங்கியவனுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் பதினோரு தாளையும் ஆணையர் மேசைமேல் வைத்தாள். என்ன இது என்று அவர் கேட்டார்.

"என் கண்ணாடி, சார். நான் எதைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்னு இதுல இருக்கு. பதினோரு வருஷமா நான் என்னென்ன தப்புப் பண்ணினேன்னும் இருக்கு. அந்த 0.6ஐப் போட்டது நான்தான். அதை எனக்குத் தெரியாம மறைச்சது இன்னொருத்தர். ரெண்டையும் எழுதிக்கோங்க."

ஆணையர் ஒரு மணி நேரம் படித்தார். நடுவில் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடையது மூக்கில் மாட்டுகிற நிஜக் கண்ணாடி. வாரியத்தின் ஏட்டைப் பொதுக்காட்சியில் திறக்கச் சொல்லி அட்டவணையைச் சுவரில் பெரிதாகக் காட்டச் சொன்னார். வாரியத் தலைவர் எண்களில் அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். மண் பங்கு ஒன்று என்று இருக்கிறதே, இது எப்படி என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார், பக்கத்திலிருந்தவர் குனிந்துகொண்டார். ஜெசிந்தாவின் கையெழுத்து செல்லாது, திட்டம் இன்றே நிறுத்தம், அமாவாசைக்கு முன் ஏழாம் மதகுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு எல்லா மதகுகளையும் ஆட்கள் நின்று இயக்க வேண்டும் என்று ஆணையர் சொல்லி முடிக்கும்போது கோயில்பிள்ளை எழுந்து வந்து அவள் அருகில் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்காகத்தான்கா பதினாறையும் செஞ்சேன். நீங்க நல்லா இருக்கணும்னுதான்."

"தெரியும் தம்பி" என்றாள் ஜெசிந்தா. "அந்தப் பதினாறுல ஒண்ணையாவது என்கிட்டச் சொல்லியிருந்தா பதினேழாவது வந்திருக்காதுல்ல?"

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அவள் கேட்கவில்லை, ஆணையரின் எழுத்தர் கூப்பிட்டுவிட்டார்.

வாக்குமூலத்தைக் கையளவு திரையில் கொடுத்தார்கள். அவள் கை பட்டதும் திரை அவளை அடையாளம் கண்டுகொண்டது. எழுத்துகள் உடனே அகன்றன, இடம் விட்டு நின்றன, அவளுக்குப் பிடித்த நீல நிறத்துக்கு மாறின. படிக்க எவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைச் செய்த கை எது என்று தெரிந்த பிறகு ஒரு சொல்லையும் நம்ப முடியவில்லை. திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளில் கேட்டாள். தாள் வந்தது. எழுத்துகள் வழக்கம்போல முட்டிமோதிக்கொண்டு நின்றன.

பேச்சித்தாய் பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தாளில் வரிக்குக் கீழே விரலை வைத்து, அன்று வாசித்த அதே குரலில் வாசித்தாள். 0.6ஐ உள்ளிட்டது நானே என்ற வரியையும் அதே குரலில்தான் வாசித்தாள். இறந்தவர்கள் இரண்டு பேர் என்ற இடத்தில் விரல் நின்றது.

"பேரு போடலியே" என்றாள்.

ஆணையர் கையால் எழுதிச் சேர்க்க அனுமதித்தார். பேச்சித்தாய் சொல்லச் சொல்ல ஜெசிந்தா எழுதினாள். முதலில் மற்ற ஆளின் பெயரை எழுதிவிட்டு, பிறகு செல்லப்பாண்டி, வயது இருபத்தொன்பது, கதவு எண் முப்பத்தெட்டு என்று மெதுவாக, அழுத்தி எழுதி முடித்தாள். எழுதியதைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது. தாளைப் பேச்சித்தாயின் பக்கம் நகர்த்தினாள்.

"சரியா இருக்கா?"

பேச்சித்தாய் குனிந்து பார்த்தாள்.

"இல்ல. எண்பத்து மூணுன்னு போட்டிருக்கீய. மாறிக் கெடக்கு."

ஜெசிந்தா எல்லாரும் பார்க்க அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்றையும் எட்டையும் தனித்தனியாக எழுதினாள்.

"இப்ப?"

"இப்பச் சரி" என்றாள் பேச்சித்தாய்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள்.